காற்றை விழுங்கினாலும் பெட்டா வாழ்வது தண்ணீரில்தான்

ஃபைட்டர் என்றும் சொல்லப்படும் பெட்டா மீனைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கலாம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர், மோட்டார் கிடையாது, செடி கிடையாது. வேறு மீனாக இருந்தால் சீக்கிரமே மிதந்துவிடும். ஃபைட்டர் மட்டும் தாங்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடத் தாங்கும். சிக்கலே இந்தத் தாங்கும் சக்தியில்தான் இருக்கிறது. செத்துப்போகாத மீனை நலமாக இருக்கும் மீன் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று வருடம் சாதாரணமாகவும், சில மீன்கள் ஐந்து வருடத்தைத் தொட்டும் வாழும் உயிர், ஆறு மாதத்தில் போய்விட்டால் "ஃபைட்டருக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறோம்.

அது ஏன் தாங்குகிறது, எதைத் தாங்காது என்ற இரண்டும் புரிந்துவிட்டால் பெட்டா வளர்ப்பில் பாதிக்கு மேல் புரிந்தது போலத்தான். தொட்டியின் அளவு, ஹீட்டர், வடிகட்டி, தீனி எல்லாம் அதிலிருந்து தானாகவே வரும்.

மேலே வந்து மூச்சு விடும் மீன்

பெட்டாவின் சொந்த ஊர் தாய்லாந்தின் சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும். சதுப்பு நிலம், வெள்ளம் தேங்கும் தாழ்வான இடம், மெதுவாக ஓடும் வாய்க்கால், நெல் வயல் ஆகியவற்றில் அது வாழ்கிறது. ஆழம் குறைவு, செடி அதிகம், தண்ணீர் வெதுவெதுப்பு. இப்படிப்பட்ட நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைந்திருக்கும். வெறும் செவுளை நம்பி அங்கே பிழைப்பது கடினம்.

அதனால் பெட்டாவுக்குச் செவுளுக்கு மேலே இன்னோர் உறுப்பு இருக்கிறது. லேபிரிந்த் உறுப்பு என்பார்கள். மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின் மேல் ரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய தோல். மீன் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனை இந்த மடிப்புகள் ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும். உங்கள் பெட்டா அவ்வப்போது மேலே வந்து ஒரு குமிழியை விட்டுவிட்டுப் போனால் பயப்பட வேண்டாம், அது மூச்சு விட்டுவிட்டுப் போகிறது. மேலே வரவே முடியாதபடி வலையிலோ அலங்காரப் பொருளிலோ சிக்கிக்கொண்டால், மீனாக இருந்தும் மூச்சுத் திணறிச் செத்துப்போகலாம்.

சரி, இந்த உறுப்பு எதைச் செய்யாது? கழிவை வெளியேற்றாது. மீன் உடலில் உருவாகும் அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் தண்ணீருக்குள் போகிறது. ஆக்சிஜனை மேலிருந்து எடுத்துக்கொள்ளும் பெட்டாவும், அம்மோனியாவைத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரில்தான் விட வேண்டும். அந்தத் தண்ணீரிலேயே ஏற்கெனவே அம்மோனியா நிறைந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே போகத் தடுமாறும். செவுள் எரியும், உடலின் மேலுள்ள வழவழப்பான படலம் கெடும், துடுப்பின் ஓரங்கள் கருகும். புகை சூழ்ந்த அறையில் இருந்துகொண்டு தலையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி மூச்சு விடுவது எப்படியோ அப்படித்தான் கிண்ணத்துப் பெட்டாவின் நிலை. மூச்சு நிற்காது, உடம்பு மட்டும் புகையில் கிடக்கும்.

"காட்டில் அது குட்டையில்தானே வாழ்கிறது" என்று ஒரு வாதம் உண்டு. வயலின் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கலாம்; ஆனால் அது பரப்பில் ஏக்கர் கணக்கில் விரிந்திருக்கிறது. மண், செடி, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கின்றன. கோடையில் தண்ணீர் வற்றிச் சேற்றுக்குட்டையாகும்போது பெட்டா அதையும் தாங்கத்தான் செய்கிறது. ஆனால் அது நெருக்கடிக் காலத்துக்கான திறமை. வருடம் முழுக்க அதிலேயே வைத்திருப்பதற்கான அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

எத்தனை லிட்டர்?

குறைந்தது 20 லிட்டர். இந்த எண்ணிக்கை ஆடம்பரத்துக்காகச் சொல்வது இல்லை. ஒரு பெட்டா ஒரு நாளில் விடும் கழிவு, தொட்டி சின்னது என்பதற்காகக் குறையாது. அதே கழிவு 20 லிட்டரில் கலந்தால் எவ்வளவு அடர்த்தியோ, ஒரு லிட்டரில் அதைப்போல 20 மடங்கு. தவிர, சின்ன அளவுத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். காலையில் ஒரு வெப்பம், ராத்திரி ஒரு வெப்பம் என்று மீன் தினமும் அல்லாட வேண்டியிருக்கும்.

உயரமான தொட்டியைவிட நீளமான, ஆழம் குறைந்த தொட்டி நல்லது. நீளமான வாலைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி வர வேண்டிய மீனுக்கு 20, 25 சென்டிமீட்டர் ஆழம் போதும். பூச்சாடிக்குள் மீன், மேலே செடி, வேரைத் தின்று மீன் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு அலங்காரம் உண்டு. பெட்டா பூச்சி தின்னும் மீன், வேரைத் தின்னாது. பசியோடு மேலே வந்தால் அங்கே செடி மூடிக்கொண்டிருக்கும். அதைப் பரிசாகக் கொடுக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை, பாவம்.

மூடி அவசியம் வேண்டும். பெட்டா துள்ளும், சின்ன இடைவெளி கிடைத்தாலும் வெளியே விழும். மூடி இருந்தால் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே உள்ள காற்றும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அந்தக் காற்றைத்தான் அது விழுங்குகிறது. இதே காரணத்தால் தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து, பூச்சி மருந்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அவற்றில் பரவலாகச் சேர்க்கப்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கடும் விஷம்.

கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா இருக்கலாம். அதற்கு நிறம் கிடையாது. மீன் விடும் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, அழுகும் இலை எல்லாவற்றிலிருந்தும் அது வருகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் அடியில் உள்ள கற்களிலும் ஒருவகை பாக்டீரியா குடியேறினால், அவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷமே. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளைக் கெடுத்துவிடுகிறது. அப்போது பெட்டா எத்தனை வாய்க் காற்று விழுங்கினாலும் அதைச் சுமந்து செல்ல ரத்தத்தால் முடியாது. பிறகு இன்னொரு வகை பாக்டீரியா வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது முந்தைய இரண்டையும்விட மிகவும் சாது. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றி இதை வெளியேற்றிவிடலாம். செடிகளும் இதை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் தொட்டியில் போதுமான அளவு பெருகும் வரை காத்திருப்பதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிளிங் என்கிறார்கள். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீனை விடாமலே இதைச் செய்யலாம்: தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா முதலில் ஏறும், அப்புறம் அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். அன்றைக்குத் தொட்டி தயார். இதைப் பார்க்க ஒரு டெஸ்ட் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். துளித் துளியாக விட்டு நிறம் பார்க்கும் வகை, தாள் பட்டையைவிட நம்பகமானது. அலங்காரக் கல்லுக்கும் பொம்மைக் கோட்டைக்கும் செலவு செய்வதற்கு முன்னால் இதற்குச் செலவு செய்யுங்கள் என்பேன்.

ஆறு வாரம் பொறுக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நோயில்லாத, பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் வையுங்கள். பாக்டீரியா கூட்டம் தயாராகவே வந்து இறங்கிவிடும்.

ஏற்கெனவே மீனை வாங்கிவிட்டீர்கள், சைக்கிளிங் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். அவை தலைகாட்டும் நாளெல்லாம் கால் பங்கோ பாதியோ தண்ணீரை மாற்றுங்கள். தீனியைக் குறையுங்கள். கொஞ்சம் கையை ஒடிக்கும் வேலைதான், ஆனால் மீன் பிழைக்கும்.

தண்ணீர் மாற்றுவது எப்படி

நன்றாக நிலைத்துவிட்ட 20 லிட்டர் தொட்டிக்கு வாரம் ஒருமுறை கால் பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாக மாற்றினால் போதும். மீனைப் பிடித்துத் தனியே வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி வைப்பது பலர் செய்யும் வேலை. சுத்தம் என்ற நினைப்பில் பாக்டீரியாவை மொத்தமாகக் கொன்றுவிடுகிறோம். மீனுக்கு வலையில் பிடிபடும் அதிர்ச்சி வேறு. மீன் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு ட்யூபை வைத்து அடியிலுள்ள கசடோடு தண்ணீரை இழுத்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ப்பதே பாக்டீரியாவைக் கொல்லத்தான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து மாட்டினால் போதும்.

ஊற்றும் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் எனும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்ப்பது நல்லது. ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது அப்படிப் போகாது. புதுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 6.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதைப் பிடிக்க மருந்து மேல் மருந்து ஊற்றுவது தேவையில்லாத வேலை. உங்கள் தண்ணீர் இதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தாலும் பெட்டா பழகிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறிக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தாங்காது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பிஹெச் ஏற ஏற, தண்ணீர் சூடாக ஆக, அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு கூடிக்கொண்டே போகும். பிஹெச் கூடிய கடின நீர் உள்ளவர்கள் அம்மோனியாவில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. அதில் தாதுக்கள் கிட்டத்தட்ட இல்லை, பிஹெச் நிலையாக நிற்காது.

வடிகட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் பெட்டாவுக்கு ஏற்றது. ஏர் பம்பில் ஓடும், மெதுவாக இழுக்கும், வாலை உறிஞ்சாது. நீரோட்டம் வேகமாக இருந்தால், அகலமான வால் வைத்த மீன் நாள் முழுக்க அதை எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும். களைத்த பெட்டா தன் வாலைத் தானே கடித்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

வெதுவெதுப்பு

பெட்டாவுக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்குத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி இல்லை. தண்ணீர் எவ்வளவோ உடம்பும் அவ்வளவு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகும், நோய் எதிர்ப்பு குறையும், மீன் அடியில் போய் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து "எவ்வளவு அமைதியான மீன்" என்று சொல்பவர்களும் உண்டு.

உங்கள் அறையில் தண்ணீர் ராத்திரியில் 24-க்குக் கீழே போகிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். போகிறது என்றால் 20 லிட்டருக்கு 25 வாட் ஹீட்டர், தெர்மோஸ்டாட் உள்ளதாக, போதும். போகவில்லை என்றால் ஹீட்டரே வேண்டாம். எல்லோரும் வாங்க வேண்டிய பொருள் என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் தெர்மாமீட்டரை அப்படிச் சொல்வேன். மறுபக்கம், 30 டிகிரிக்கு மேலேயே நிரந்தரமாக வைத்திருப்பதும் நல்லதில்லை. உடம்பின் இயக்கம் வேகமாகி மீன் சீக்கிரம் முதுமையடையும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. வெயில் நேராக விழும் ஜன்னலோரம் தொட்டியை வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பாசி இன்னொரு காரணம்.

என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது

பெட்டாவின் வாயைக் கவனியுங்கள், மேல்நோக்கித் திரும்பியிருக்கும். நீர்மட்டத்தில் விழும் பூச்சியையும் அங்கே தொங்கும் கொசுப்புழுவையும் பிடித்துத் தின்ன அமைந்த வாய் அது. அதனால் தீனியும் புரதம் நிறைந்ததாக இருக்க வேண்டும். டப்பாவின் பின்னால் உள்ள பட்டியலைப் படியுங்கள்: முதல் பெயர் மீனோ, இறாலோ, பூச்சியோ என்றால் வாங்கலாம். கோதுமையில் ஆரம்பித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

அன்றாடம் சின்ன உருண்டைத் தீனி, காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று. ஒரு வேளைக்கு அதன் கண்ணளவு தீனி போதும் என்பது மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. வாரத்தில் ஓரிரு நாள் உருண்டைக்குப் பதில் டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா எனும் குட்டி உப்புநீர் இறால், ரத்தப்புழு என்று மாற்றிக் கொடுங்கள்; உறையவைத்தது என்றால் உருகிய பிறகு போடுங்கள். ரத்தப்புழுவை மீன் ஆசையாகத் தின்னும் என்பதற்காகத் தினமும் கொடுக்க வேண்டாம். கொசுப்புழு அருமையான தீனி. ஆனால் அதைச் சாக்கடையில் பிடிக்காதீர்கள், நோயும் விஷமும் சேர்ந்தே வரும்.

பட்டினியால் சாகும் பெட்டாவைவிட அதிகத் தீனியால் சாகும் பெட்டாக்களே அதிகம் என்பது என் எண்ணம். கண்ணாடிப் பக்கம் நாம் போனாலே அது ஓடிவந்து வாலாட்டும், உடனே கை டப்பாவுக்குப் போய்விடும்.  கிடைத்தால் தின்பதுதான் அதன் இயல்பு. வயிறு உப்பி, மலச்சிக்கலாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தும். மிச்சம் விழுந்த தீனி அழுகி அம்மோனியாவாகும். வாரத்தில் ஒருநாள் தீனி போடாமல் விடுவது நல்ல பழக்கம். உப்பின வயிற்றுக்கு வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள். பூச்சி தின்னும் மீனுக்குப் பட்டாணி பொருந்தாத பண்டம். இரண்டு நாள் பட்டினி, அப்புறம் கொஞ்சம் டாஃப்னியா கொடுங்கள். அதன் ஓடு செரிக்காமல் போவதால் குடலைச் சுத்தம் செய்யும்.

நீங்கள் நான்கைந்து நாள் வெளியூர் போனாலும் வளர்ந்த, நலமான பெட்டா தீனியில்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட அது பத்திரம்.

தனிமையும் துணையும்

ஆண் பெட்டாவோடு இன்னோர் ஆண் பெட்டாவை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மனிதர்கள் பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மீன் இது. 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மனிதர்கள் இதை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணித்தது. பெண்ணையும் கூடவே நிரந்தரமாக விடக் கூடாது. குஞ்சு பொரிக்கும் காலம் தவிர மற்ற நேரத்தில் ஆண் அதைத் துரத்திக் கிழித்துவிடும்.

பெட்டாவுக்குத் துணை தேவையே இல்லை. தனியாக இருப்பதில் அதற்கு எந்த ஏக்கமும் கிடையாது, ஏக்கம் நமக்குத்தான். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நத்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்ண வால் ஆட்டும் கப்பி மீன்களை இன்னொரு பெட்டா என்று நினைத்துத் தாக்கும். குட்டி இறால்களைத் தீனியாக்கிவிடும்.

முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டி அது செவுளை விரித்துச் சீறுவதை ரசிப்பது பலருக்குப் பிடிக்கும். ஓரிரு நிமிடம் என்றால் உடற்பயிற்சி என்று விட்டுவிடலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டிகளை வைத்து, நாள் முழுக்க ஒன்றையொன்று முறைக்கவிடுவது வேறு விஷயம். இரண்டுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகுங்கள்.

ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் மீன் தைரியமாக வெளியே வரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகள் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். நீர்மட்டத்துக்கு அருகில் ஒரு அகலமான இலை இருந்தால் பெட்டா அதில் படுத்துத் தூங்கும். ஆம், படுத்துத்தான் தூங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பதறுவார்கள். விளக்கை 8 முதல் 10 மணி நேரத்தோடு அணைத்துவிடுங்கள், அதற்கும் இருட்டு வேண்டும். பிளாஸ்டிக் செடி வேண்டாம். வைத்தால் ஒரு மெல்லிய துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் வாலும் மாட்டும்.

நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த, மருந்து படாத இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். பெட்டாவின் சொந்த ஊர்த் தண்ணீரும் பல இடங்களில் இப்படித்தான் இருக்கும். இலையிலிருந்து இறங்கும் டேனின் கிருமிகளின் வளர்ச்சியை ஓரளவு மட்டுப்படுத்தும் என்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சுத்தமான தண்ணீருக்கு அது மாற்று ஆகாது.

ஆண் பெட்டா மேலே குமிழிகளைச் சேர்த்துக் கூடு கட்டும். அதைப் பார்த்து மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். மோசமான தண்ணீரிலும் அது கூடு கட்டும். வளர்ந்த ஆணின் இயல்பு அது.

உடம்பு சரியில்லை என்றால்

துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, தீனியைப் பார்த்தும் வராமல் இருப்பது, மூலையில் கிடப்பது, நிறம் மங்குவது ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் மருந்து வாங்க ஓடாதீர்கள். முதலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் வெப்பமும் பாருங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். துடுப்பு அழுகல் ஆரம்ப நிலையில் இருந்தால் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும், அடுத்த சில வாரங்களில் தெளிவான புது ஓரம் வளர ஆரம்பிக்கும். ஓரம் மெல்ல மெல்லக் கருத்தோ சிவந்தோ தேய்ந்தால் அது அழுகல். ராத்திரி முழுசாக இருந்த வாலில் காலையில் வட்டமாகத் துண்டு காணோம் என்றால், மீனே கடித்துக்கொண்டது.

உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது இக் எனும் ஒட்டுண்ணி. டார்ச் அடித்துப் பார்க்கும்போது தங்கத் தூள் படிந்தது போல மின்னினால் வெல்வெட். இரண்டுக்கும் தனி மருந்து வேண்டும். வெல்வெட் ஒட்டுண்ணி ஒளியைப் பயன்படுத்தி வாழக்கூடியது என்பதால் தொட்டியை இருட்டாக்குவதும் உதவும். செதில்கள் எல்லாம் தூக்கி நின்று, உடம்பு வீங்கியிருந்தால் அது ட்ராப்சி. உள்ளுறுப்புகள் கெட்டதன் வெளி அடையாளம் அது. அந்த நிலையிலிருந்து மீள்வது அரிது.

மருந்து கொடுப்பதாக இருந்தால் தனியாக ஒரு சிறு தொட்டியில் கொடுங்கள். சில மருந்துகள் பாக்டீரியாவையும் நத்தையையும் சேர்த்துக் கொன்றுவிடும். அயோடின் கலக்காத உப்பு, லிட்டருக்கு 1 கிராம் அளவில், தனியே கரைத்து, பத்து நாளுக்கு மேல் போகாமல் கொடுப்பது லேசான தொந்தரவுகளுக்குப் பலர் கையாளும் வழி. "வருமுன் காப்போம்" என்று ஆன்டிபயாட்டிக் போட்டு வைப்பது மட்டும் கூடவே கூடாது.

வாங்கும்போதும், வயதான பிறகும்

கடையில் விற்கும் ஆண் பெட்டா அநேகமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஆனதாக இருக்கும். நிறமும் வாலும் முழுதாக வந்த பிறகுதான் விற்பார்கள். ஆகவே வீட்டில் இரண்டரை வருடம் இருந்த மீன் மூன்று வயதைத் தாண்டியிருக்கலாம். ஆயுளே முக்கியம் என்பவர்கள் குட்டை வால் கொண்ட பிளாகட் வகையைப் பாருங்கள். அரைவட்டமாக விரியும் ஹாஃப்மூன், அதைவிடக் கனத்த ரோஸ்டெயில் வகைகள் கண்ணுக்கு அழகு, மீனுக்குச் சுமை. விரல் அசைத்தால் திரும்பிப் பார்க்கும், துடுப்பில் கிழிசல் இல்லாத, வயிறு ஒட்டாத மீனாகத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் விடுங்கள்; பைத் தண்ணீர் வேண்டாம்.

மூன்று வயதை நெருங்கும் பெட்டா மெதுவாகும். கன்னத்தில் நிறம் வெளுக்கும், அதிக நேரம் இலையில் படுத்திருக்கும், வீசிய தீனியைத் தவறவிடும். சிலவற்றுக்குக் கண் மங்கும். இதையெல்லாம் நோய் என்று எண்ணி மருந்து ஊற்றாதீர்கள். நீர்மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து மூச்சு விட ஏறி வரும் தூரத்தைச் சுருக்குங்கள், காற்றுக் குழாயின் வேகத்தைக் குறையுங்கள், தீனியைச் சின்ன உருண்டையாக்கி மூக்குக்கு நேராகப் போடுங்கள். தண்ணீர் மாற்றும் அளவைக் குறைத்து, அடிக்கடி கொஞ்சமாக மாற்றினால் அதற்கு அதிர்ச்சி இருக்காது.

வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் அடிலெய்டு ஆற்றுப் பக்கம் அப்படிப் போய்ச் சேர்ந்த பெட்டாக்கள் அங்கேயே பெருகிவிட்டன. வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வயதாகி மீன் போய்விட்டால், இன்னொன்று வளர்க்கும் எண்ணம் இருக்கும் வரை தொட்டியை உடனே காயவிட வேண்டாம். பஞ்சிலுள்ள பாக்டீரியாவுக்கு ஈரமும் அம்மோனியாவும் வேண்டும். வடிகட்டியை ஓடவிட்டு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகைத் தீனி போட்டால் அது உயிரோடு இருக்கும், அடுத்த மீனுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. தொற்று நோயில் போனது என்றால் மட்டும் எல்லாவற்றையும் கழுவி, நன்றாகக் காயவைத்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.